பாலைவனப் பட்டியலில் ஒரு தோசைக்கல்

பதினாலு வருடமாக அடுத்தவர் பிள்ளைகளுக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சென்னை, கோயம்புத்தூர், கொச்சி என்று எங்கெங்கிருந்தோ கொடைக்கானல் மலையில் இருக்கும் எங்கள் கிளாவரைக்கு வருகிறார்கள். எங்கள் பட்டா நிலத்தின் மேல் ஓரத்தில் கூடாரம், இரவுக்கு விறகு, காலையில் இஞ்சி டீ. மத்தியானம் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் போதும், "மிஸ்ட், மிஸ்ட்" என்று கூவிக்கொண்டு கைகளை விரித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்க மாட்டேன், அதுதான் என் பிழைப்பு. ஆனால் என் வீட்டுப் பிள்ளைகளை ஒரு நாள்கூடக் கூடாரத்தில் படுக்க விட்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு, ஆவணி மாதம், ஒரு கூட்டம் கூடாரத்தை மேலேயே போட்டுவிட்டுக் கொடைக்கானலுக்கு இறங்கிப் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு அட்டுவம்பட்டியில் வேறு ஒரு சோலி. தம்பி சுப்புராஜைக் கூப்பிட்டு, "ஏலே, மழை வர்றதுக்குள்ள வெரசா போய் எடுத்தாந்துரு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அவன் போனான். மஞ்சு இறங்கியது. கூடாரத்தை அழகாக மடித்து, கயிறு போட்டுக் கட்டி, எங்கள் நிலத்தின் மேல்பகுதியான மேலக்காட்டுக்கு மேலே ஒரு பாறையில் வைத்திருந்தான். அது கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள், வனத்துறை, தீயணைப்புக்காரர்கள் என்று பதினோரு நாள் தேடினோம். பாறைக்கு அந்தப் பக்கம் கேரளா வரைக்கும் பள்ளம்தான். கூடாரம் நனைந்தால் நனையட்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எங்கள் வரிசை வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் கூரையில் ஓர் இரும்புத் துண்டு சங்கிலியில் தொங்கும். வீட்டு ஆள் காட்டில் இருக்கும்போது மஞ்சு மூடிவிட்டால், வீட்டில் இருப்பவர் அதை ஒரு கம்பியால் தட்ட வேண்டும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே இருப்பவர் வந்து சேருவார். அவர் வாசலில் கால் வைக்கிறவரைக்கும் தட்டுவதை நிறுத்தக் கூடாது. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருப்பதால் மற்ற வீடுகளில் இந்த வழக்கம் விட்டுப்போயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் விடவில்லை. சுப்புராஜ் இன்னும் வாசலில் கால் வைக்கவில்லையே.

தட்டுகிறவள் அவன் மனைவி மணிமேகலை. தொங்குவது அவள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த தோசைக்கல். வந்த வருடமே அதன் கைப்பிடி ஒடிந்துபோக, சுப்புராஜ் விளிம்பில் துளை போட்டு வாசலில் கட்டினான். "ஒனக்குத் தோசை சுடத்தான் வரலை, சத்தமாவது போடு" என்று அவளைக் கேலி செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆறு வருடமாக மஞ்சு இறங்கும் ஒவ்வொரு நாளும் அவள் அதைத் தட்டுகிறாள். அடுப்பில் உலை கொதித்தாலும் தட்டுகிறாள், காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்துவந்து தட்டுகிறாள். மஞ்சு விலகினால்தான் கம்பியைக் கீழே வைப்பாள். எங்கள் ஊரில் வருடத்தில் முக்கால்வாசி நாள் மஞ்சுதான். அவள் பொட்டு வைப்பதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று என் மனைவி சண்முகவள்ளி தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள்.

பாலைவனப் பேச்சு தண்டாயுதபாணியால் வந்தது. பழனிக்காரர். ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்குப் பக்கத்துப் பாலைவனத் தேசியப் பூங்காவில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை. போன மே மாதம் விடுமுறைக்கு ஊர் வந்தவர் எங்களிடம் வந்து தங்கினார். என் மகள் சௌம்யாவுக்குப் பதிமூன்று வயது. அவளுக்குக் கானமயில் படத்தைக் காட்டி, ஒரு காலத்தில் நம் பக்கத்திலும் இருந்த பறவை, இப்போது அங்கேதான் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது என்றார். அரையாண்டு விடுமுறையில் எல்லோரும் வாருங்கள், கூடாரம் எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அப்போது சுப்புராஜின் மகள் தமிழ்மதி கேட்டாள். அப்பா போனபோது இரண்டு வயது, இப்போது எட்டு.

"அங்க மஞ்சு வருமா மாமா?"

"அங்கயா? கண்ணு போற வரைக்கும் மணல்தான் பாப்பா. ரெண்டு மைல் தள்ளி ஒரு ஆடு நின்னாலும் தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பி, "போலாமா பெரியப்பா?" என்றாள். இந்தப் பிள்ளை இதுவரை என்னிடம் மிட்டாய்கூடக் கேட்டதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் பட்டியல் போட உட்கார்ந்தோம். சௌம்யா நோட்டில் எழுதினாள். கூடாரம் இரண்டு, கம்பளி ஆறு, ரெயின்கோட் ஐந்து, அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும், ஈர விறகு பற்ற வைக்க மண்ணெண்ணெய், ரப்பர் பூட்ஸ். பதினாலு வருட அனுபவஸ்தன் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். போனில் படித்துக் காட்டியதும் தண்டாயுதபாணி சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அண்ணே, எல்லாம் சரி. தண்ணி எங்கண்ணே?"

தண்ணீரையா எடுத்துக்கொண்டு போவார்கள்? எங்கள் ஊரில் எந்தத் திருப்பத்தில் கை நீட்டினாலும் தண்ணீர் விழும். வழியில் குடிக்கத் தண்ணீர் சுமப்பது எனக்கு யோசனையிலேயே வரவில்லை. ரெயின்கோட்டையும் அட்டைப்பூச்சியையும் அடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று சௌம்யா எழுதினாள். சண்முகவள்ளி, "பெரிய கேம்ப்புக்காரரு" என்று ஒரு வாரம் என்னை வாரினாள்.

சிரிப்பெல்லாம் சமையல் சாமான் வரும்வரைக்கும்தான். தமிழ்மதிக்குப் பாலைவனத்தில் தோசை வேண்டுமாம். அடுப்படியில் இருப்பது பெரிய கல், தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியாது. சௌம்யா யோசிக்காமல், "சின்னதா லேசா ஒரு தோசைக்கல்" என்று எழுதினாள். எழுதிவிட்டு அவளே நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். மணிமேகலை கதவருகே நின்று பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் தம்பி மனைவி மூத்தாரிடம் நேராகப் பேச மாட்டாள். நான் எதிரிலேயே இருந்தாலும், "அக்கா, மாமாகிட்ட சொல்லுங்க" என்றுதான் அவளுக்குப் பேச்சு வரும். அன்றும் அப்படித்தான் சொன்னாள்.

"அக்கா, நீங்க நாலு பேரும் போயிட்டு வாங்க. பதினோரு நாளு. வீட்ல ஆளு இல்லாம எப்பிடி?"

"பூட்டிட்டுப் போவோம். இங்க என்ன தங்கமா கெடக்கு?" என்றாள் சண்முகவள்ளி.

"அதுக்கில்லக்கா. மஞ்சு எறங்குனா?"

அம்மா வராவிட்டால் நான் வரவில்லை என்று தமிழ்மதி சொல்லிவிட்டாள். அவள் வராவிட்டால் தானும் இல்லை என்றாள் சௌம்யா. திங்கட்கிழமைக்குள் டிக்கெட் போட வேண்டும். இந்த முறை மணிமேகலை வாசலை விட்டு வராவிட்டால் இனி எப்போதும் வர மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான். அவளோடு சேர்ந்து அந்தப் பிள்ளையும் அந்தத் தோசைக்கல்லடியிலேயே வளர்ந்துவிடும். தம்பியை ஒரே வார்த்தையில் மேலே அனுப்பி, இருவரையும் அந்த வாசலில் நிறுத்தியவன் நான் என்பதும் எனக்குத் தெரியும்.

அவளை அங்கிருந்து நகர்த்த என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. அதை ஆறு வருடமாக மறைத்துவைத்திருந்தேன்.

சுப்புராஜ் போன மறுவருடம் அவள் சண்முகவள்ளி மூலமாக என்னிடம் ஒன்று கேட்டாள். "நான் தட்டுறது மேலக்காடு வரைக்கும் கேக்குதான்னு மாமாகிட்ட கேளுங்கக்கா." காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்தது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். பொய். எத்தனையோ நாள் மேலக்காட்டில் மஞ்சுக்குள் நின்று கேட்டிருக்கிறேன். அந்தப் பாறையில் நின்றும் கேட்டிருக்கிறேன். பக்கத்து அறையில் தட்டுவதுபோல் கேட்கும். அதை எப்படி அவளிடம் சொல்வேன்? கேட்கும் என்றால், கேட்டும் ஏன் வரவில்லை, அப்படியானால் அவன் உயிரோடு இல்லையா என்ற கேள்வி அடுத்த நொடியே வந்துவிடும். அவளோ சத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வருடத்துக்கு வருடம் ஓங்கித் தட்டினாள். நானும் தட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஒத்திகை வைத்தேன். பிள்ளைகளுக்குக் கூடாரம் அடிக்கவும் மடிக்கவும் தெரிய வேண்டும் என்று காரணம் சொன்னேன். கீழ்க்காடு முழுக்கப் பூண்டு நின்றது. பீன்ஸ் எடுத்துவிட்டு வெறுமனே கிடந்தது மேலக்காடுதான், சமதளமும் அங்கேதான். இதுதான் காரணமா, வேறு எதுவும் மனதில் இருந்ததா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளனே எழுந்து பார்த்தேன், வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. தமிழ்மதி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். ஆறு வருடத்தில் மணிமேகலை அந்த ஏற்றத்தில் கால் வைத்தது அன்றுதான். கீழ்க்காட்டு வேலையோடு நின்றுவிடுவாள். மஞ்சு இறங்கினால் உடனே வாசலுக்கு ஓட வேண்டுமே.

பிள்ளைகள் கூடாரத்தைத் தலைகீழாக அடித்தார்கள். முளைக்குச்சியைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும் என்று நான் கத்தினேன். மணலில் முளை நிற்காதாம், பைகளில் மணல் நிரப்பிப் புதைக்க வேண்டுமாம், தண்டாயுதபாணி சொல்லியிருக்கிறார். அதையும் செய்து பார்த்தோம். தமிழ்மதி உள்ளே படுத்துக்கொண்டு, "அம்மா, வா, எடம் இருக்கு" என்றாள். மணிமேகலை உள்ளே போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். பிறகு அவள் கண் மேலே பாறைப் பக்கம் போனது, அங்கேயே நின்றுவிட்டது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கேரளப் பக்கத்திலிருந்து மஞ்சு ஏறி வந்தது. எங்கள் ஊரில் அதற்கு அறிவிப்பெல்லாம் கிடையாது. பாறை போனது, மரம் போனது, பத்தடியில் நின்ற சௌம்யா போனாள். "யாரும் நகராதீங்க, எல்லாரும் கூடாரத்துக்குள்ள வாங்க" என்று குரல் கொடுத்துத் தலைகளை எண்ணினேன். ஐந்து. மணிமேகலை எழுந்துவிட்டாள். இரண்டு கையையும் சேலையில் துடைத்துத் துடைத்து, "வீட்ல யாரும் இல்லையே, வீட்ல யாரும் இல்லையே" என்று முனகினாள். சண்முகவள்ளி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சத்தம் வந்தது.

டங். டங். டங். எங்கள் வாசல் தோசைக்கல்தான். அந்தச் சத்தம் வேறு எந்த இரும்புக்கும் வராது. வீட்டில் யாரும் இல்லை. ஐந்து பேரும் இங்கே இருக்கிறோம். சொன்னால் சிரிப்பீர்கள், நாற்பத்தாறு வயதுக்காரன், அந்த ஒரு நிமிடம் நானும் நம்பினேன். வாசலில் தம்பி நிற்கிறான், வீடு காலியாகக் கிடப்பதைப் பார்த்து எங்களுக்காகத் தட்டுகிறான் என்று நம்பினேன். மணிமேகலை கூடாரத்தை விட்டு வெளியே பாய்ந்தாள். நான் குறுக்கே நின்றேன். முதல்முறையாக அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பொறும்மா. எல்லாரும் சேந்து எறங்குவோம்."

ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். சத்தம் ஒரு தரம்கூடத் தவறவில்லை. திரும்பும் இடங்களில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் முன்னால் போனது. பாதி வழியில் மணிமேகலை நின்றாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி நின்று கேட்டாள்.

வாசலில் நின்று தட்டியது பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள். எழுபது வயது, இரண்டு கையிலும் முடக்குவாதம்.

"ஏன்ப்பா சக்திவேலு, குடும்பத்தோட மேல ஏறிப் போயிட்டா யாருப்பா தட்டுறது? மூடிக்கிட்டு வருது, பச்சைப் புள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருக்க. அறிவு வேணாம்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்மதி கடைசியாக வாசலில் கால் வைத்ததும்தான் கம்பியைக் கீழே போட்டாள்.

மணிமேகலை வாசலைப் பார்த்தாள், வீட்டுக்குள் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. பிறகு கருப்பம்மாளிடம் கேட்டாள்.

"பெரியம்மா, ஓங்கியா தட்டுனீங்க?"

"எங்கடி ஓங்க? இந்தக் கைய வச்சுக்கிட்டா? சும்மா மெதுவாத்தான் தட்டுனேன்."

மணிமேகலை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளைச் சண்முகவள்ளி உள்ளே அழைத்துப் போனாள். நானும் நகரப் போனேன்.

"மாமா."

என்னைத்தான். நேராக என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு நான் கை வீங்குற வரைக்கும் தட்டுனேன் மாமா. காலைல இருந்து பொழுது சாயுற வரைக்கும் தட்டுனேன். கேக்கலன்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். இவங்க மெதுவாத் தட்டுனதே அங்க காதுகிட்ட கேக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா" என்றேன். "மொத வருசத்துலருந்தே தெரியும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். கருப்பம்மாள் அந்தக் கோணல் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான்தான் அவனை அனுப்பினேன், என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் அழுகிற நேரத்தில் என் பாரத்தையும் அவள் தலையில் வைக்க மனம் வரவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்தபோது வாசலில் சங்கிலி மட்டும் தொங்கியது. பின்பக்கம் மணிமேகலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோசைக்கல்லைச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துத் துரு சிவப்பாக ஓடியது. தேய்த்துக் கழுவி, அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தை வெட்டித் தேய்த்தாள். அன்றைக்கு மட்டும் மூன்று முறை அப்படிச் செய்தாள். சாயங்காலம் முதல் தோசை ஊற்றினாள். கம்பி பட்டுப் பட்டு நடுவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துபோனது. நடுவில் ஓட்டையோடு வந்த தோசையைத் தமிழ்மதி "எனக்கு, எனக்கு" என்று வாங்கித் தின்றாள்.

"மாமா, டிக்கெட்டு அஞ்சாப் போடுங்க" என்றாள் மணிமேகலை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. சௌம்யா நோட்டை எடுத்துவந்து, தோசைக்கல் என்று எழுதியிருந்ததற்கு நேராக ஒரு டிக் போட்டாள்.

திங்கட்கிழமை டிக்கெட் போட்டுவிட்டு வந்தேன். மத்தியானம் வீட்டை ஒட்டிய கீழ்க்காட்டில் பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தபோது மஞ்சு இறங்கியது. கை களை எடுத்தது, காது தானாக வீட்டுப் பக்கம் போனது. இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வீட்டுக்குள் பிள்ளைகள் தண்ணீர் கேனை உருட்டும் சத்தமும், மணிமேகலை அவர்களை அதட்டும் சத்தமும் மட்டும் கேட்டது.

தம்பி செத்துப்போனான் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவள் தட்டிய வரைக்கும் அவன் எனக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து, "ஏலே சுப்பு" என்று கூப்பிட்டு அழுதேன். மஞ்சு அவ்வளவு கனமாக இருந்ததால் வீட்டிலிருந்து யாரும் என்னைப் பார்க்கவில்லை.